பதினாலாம் நம்பர்

என் பெயரையும், அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. தெருவின் பெயரையும்தான். அங்கே குடியிருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு, சென்னையில் மந்தைவெளிப் பக்கம், பக்கிங்காம் கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி என்று சொன்னால் போதும். என் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் கோழைத்தனம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு கார்த்திகை மாத இரவில் அந்தத் தெருவில் இரண்டடித் தண்ணீர் நின்றது. தண்ணீர் வரப்போகிறது என்று வடிகாலுக்குள் இருந்த ஒரு கருவி ஒரு மணி நேரத்துக்கும் முன்பே சொல்லிவிட்டது. அதன் வாயைக் கட்டி வைத்திருந்தவன் நான். பிறகு கேள்வி வந்தபோது கருவியின் மேலேயே பழியைப் போட்டேன். மிச்சப் பழி ஒரு மனிதர் மேல் போய் விழுந்தது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சென்னை மழை என்றால் எல்லோரும் 2015 டிசம்பரைத்தான் பேசுவார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, அடையாறு ஊருக்குள் வந்தது. அது ஆற்றின் கதை. என் வேலை அதுவல்ல. ஆறு பெருகாமல், ஏரி உடையாமல், சாதாரணமாக ஒன்றரை மணி நேரம் அடித்துவிட்டு ஓய்கிற மழைக்கே சில தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அந்தத் தெருத் தண்ணீர்தான் என் வேலை. 2021 டிசம்பர் 30 அன்று வானிலை ஆய்வு மையமே எதிர்பார்க்காத மழை மதியம் பிடித்து இரவு வரை விடாமல் அடித்தது நினைவிருக்கலாம். மின்சாரம் தாக்கி உயிர்கள் போயின. நானும் அன்று ஸ்கூட்டரை எங்கோ நிறுத்திவிட்டு நள்ளிரவில் நடந்து வீடு சேர்ந்தவன். மேகத்தை முன்கூட்டிக் கணிக்க முடியாத நாளில் வடிகாலையாவது கண்காணித்துக்கொண்டிருக்கலாமே என்ற பேச்சு அதற்குப் பிறகு எங்கள் தொழிலில் பலமாக எழுந்தது. எங்கள் நிறுவனமும் இறங்கியது. சோதனை முயற்சியாக 24 சென்சார்கள். பொறுப்பு என்னிடம்.

கருவி எளிமையானது. வடிகாலின் மேல் ஸ்லாபுக்கு அடியில், கீழ்நோக்கிப் பார்த்தபடி, உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. காதுக்குக் கேட்காத ஒலியை அது கீழே அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் போகும். தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் போய்த் திரும்ப ஆறு மில்லிவினாடிகூட ஆகாது. நேரம் குறைந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கால் மணிக்கு ஒருமுறை இதைச் செய்து, எண்ணை வானலையில் அனுப்பிவிட்டு, பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிவிடும். அவ்வளவுதான்.

தொல்லைகள் வடிகாலிலிருந்து வருகின்றன. இரும்பு மூடி சிக்னலை விழுங்கும். சிலந்தி குறுக்கே வலை கட்டினால் வலையைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும். மிதந்து வரும் தெர்மோகோல், பாலிதீன் பை, நுரை எல்லாமே அதை ஏமாற்றும். சென்னை மேன்ஹோலைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கரப்பான்பூச்சிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவை பெட்டியின் முகத்தில் குடும்பம் நடத்தும். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீரையும் இணைத்துவிடுவதால் கிளம்பும் ஆவி, உலோகத்தை அரிக்கும். இன்னொரு குறை, தண்ணீர் பெட்டிக்கு மிக அருகில் வந்துவிட்டால் அதற்குக் கண் தெரியாது. நாங்கள் பயன்படுத்தியதில் அந்தக் குருட்டு எல்லை 25 சென்டிமீட்டர். அதாவது 120 சென்டிமீட்டர் ஆழ வடிகாலில் 95 வரைதான் அளக்கும். அதற்கு மேல் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும்.

நான் சொல்லப்போகும் தெருவில் பொருத்தியது பதினாலாம் நம்பர். அதைப் பொருத்தும்போது கூட இருந்தவர் அந்தப் பகுதியில் வண்டல் அள்ளும் ஒப்பந்தக் குழுவின் மேஸ்திரி. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்லாபைக் கடப்பாரையால் நெம்பித் தூக்குவதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து காது கொடுத்துக் கேட்பார். எதற்கு என்று கேட்டேன். "தண்ணி ஓடுதா நிக்கிதான்னு சத்தத்துலயே தெரியும் சார்" என்றார். நாங்கள் லட்சங்களைச் செலவழித்து வைத்த கருவியும் அதைத்தான் செய்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அந்தப் பக்கம் வேலைக்கு வரும்போதெல்லாம் தோளில் கிடக்கும் துண்டின் நுனியால் பெட்டியின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போவார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. "பாவம், கண்ணுல பூச்சி ஒக்காந்தா அது இன்னாத்த பாக்கும்" என்பார்.

அக்டோபர் இரண்டாம் வாரம் பதினாலு கத்த ஆரம்பித்தது.

அலாரம் அடிக்கும் அளவை 80 சென்டிமீட்டரில் வைத்திருந்தோம். மழையே கிடையாது, வெயில் கொளுத்துகிறது. பதினாலு மட்டும் 81, 83 என்கிறது. ஒருநாள் காலை எட்டரைக்கு. மறுநாள் ஒன்பதேகாலுக்கு. அதற்கடுத்த நாள் பத்து மணிக்கு. இரவிலும் அதே போல் ஒன்று. நாலைந்து நாள் கத்திவிட்டு ஒரு வாரம் அமைதியாகிவிட்டது. எங்காவது வயர் லூஸாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மேஸ்திரி ஸ்லாபைத் தூக்கிக் காட்டினார்.

"மழத் தண்ணின்னு நெனச்சீங்களா சார்? இது கடல். முகத்துவாரம் வெட்டி வுட்டாங்கல்ல, ஏத்தம் உள்ள வருது. அமாவாச, பௌர்ணமின்னா இன்னும் ஏறும்."

"அண்ணே, கடல் எங்க இருக்கு, இந்தத் தெரு எங்க இருக்கு? வீட்டுக் கழிவுநீரா இருக்கும். காலைல எல்லாரும் குளிக்கிற நேரம்."

"கழிவுத் தண்ணில நண்டு வருமா சார்?"

தெருத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் வடிகட்டித் தொட்டியின் விளிம்பில் ஒரு சின்ன நண்டு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. நான் சிரித்தேன். போனை எடுத்துப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போட்டேன். 'என் அலுவலக நண்பர்' என்று எழுதியதாக ஞாபகம். பதினெட்டுப் பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள்.

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது, தேதியோடு.

அவர் சொன்னதை நான் ஏன் கேட்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தவறாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தால்கூட ஒருமுறை சரிபார்த்திருப்பேன். அவர் சொன்னதைத் தகவல் என்றே என் மூளை பதிவு செய்யவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் யாராவது இதையே ஆங்கிலத்தில் ஒரு ஸ்லைடில் போட்டுக் காட்டியிருந்தால் குறிப்பெடுத்திருப்பேன். இடுப்பளவு வடிகாலில் இறங்கி நிற்பவர் பேசியது எனக்குப் பேச்சுத் துணையாகத்தான் கேட்டது.

அவர் சொன்னதில் புதிராக எதுவுமில்லை. கூவம், அடையாறு இரண்டின் வாயிலும் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இயந்திரங்களை வைத்து அந்த மணல்திட்டை வெட்டிவிடுவார்கள், வெள்ளம் வந்தால் வெளியே போக வேண்டுமே. வெளியே போகத் திறந்த வாய் வழியே கடல் ஏற்றம் உள்ளேயும் வரும். அடையாற்றிலிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து அதில் வந்து சேரும் தெரு வடிகாலுக்கு. சென்னை தட்டையான ஊர். இந்தத் தெரு கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் வடியாமல் நிற்கும்போது நம் ஊரில் எல்லோரும் சொல்வோம், "கடல் வாங்கல" என்று. நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியத்தின் அர்த்தம் பதினாலாம் நம்பரில் எண்ணாக வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தெரிந்திருக்க வேண்டியவன் நான். சென்னைக் கடலில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும், நிலா உதிப்பது தள்ளிப்போவதைப் போல. எட்டரை, ஒன்பதேகால், பத்து. பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடப் புரிந்திருக்கும். காலையில் குளிக்கிற தண்ணீர் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் தாமதமாகவா வரும்? ஆனால் நான் அலாரப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி கால் மணிக்கு ஒருமுறை அனுப்பிய எண்களைக் கோடாகப் போட்டு ஒரு தடவையாவது பார்த்திருந்தால், ஆறு மணி நேரம் ஏறி ஆறு மணி நேரம் இறங்கும் அலை திரையில் அப்படியே தெரிந்திருக்கும். பிறகு பார்த்தேன். அவ்வளவு அழகான கோட்டை அந்தத் திட்டத்தின் வேறெந்தச் சென்சாரிலும் நான் பார்த்ததில்லை.

தீபாவளியன்று காலை மறுபடியும் கத்தியது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் தின்று, இட்லிக்கு உட்கார்ந்திருக்கிறேன். கன்ட்ரோல் ரூமிலிருந்து போன். "சார், பதினாலு மறுபடியும் சிவப்பு காட்டுது. வெளியே வெயில் அடிக்குது சார். ஆளை அனுப்பணுமா வேண்டாமா?" அவர் குரலில் இருந்த சலிப்பு நியாயமானது. மூன்று தடவை ஆளை அனுப்பி மூன்று தடவையும் தெரு காய்ந்து கிடந்திருக்கிறது. புலி வருது கதைதான். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டாள். "நல்ல நாளும் அதுவுமா அதை மூடி வைடா. அமாவாசைப் படையல் போடணும், காக்காய்க்குச் சோறு வைக்கணும்." அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அமாவாசை தவறியதில்லை. வெங்காயம், பூண்டு இல்லாத சமையல், வாழைக்காய், வடை. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தக் கட்டத்தில் கறுப்பு வட்டம். அந்த வட்டத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டுதான் எழுதினேன்.

ஏழு வரி. கடந்த மூன்று மணி நேரத்தில் மழைமானி 5 மில்லிமீட்டருக்குக் குறைவாகக் காட்டினால், பதினாலாம் நம்பரிலிருந்து அலாரம் அனுப்பாதே. டேஷ்போர்டிலும் பச்சையே காட்டு. அரை மணி நேரத்தில் முடிந்தது. படையலுக்கு நேரத்தோடு போய்விட்டேன்.

இதை யாரிடமும் கேட்கவில்லை. எங்கும் எழுதி வைக்கவில்லை. மறுவார அறிக்கையில் 'பொய் அலாரங்கள் பெருமளவு குறைக்கப்பட்டன' என்று ஒரு வரி சேர்த்தேன். மேலதிகாரி அந்த வரியைக் கோடிட்டுப் பாராட்டினார். பொய் அலாரம் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அந்த அலாரம் பொய்யில்லை. வடிகாலில் 80 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது உண்மை. மழைக்காக வைத்திருந்த இடத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கடல் பிடித்துக்கொண்டிருக்கிறது, இப்போது மழை வந்தால் கதை முடிந்தது என்று அது சொன்னது. எனக்குத் தேவையில்லாத உண்மை என்பதால் அதற்குப் பொய் என்று பெயர் வைத்தேன்.

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் இரவு, ஒன்பது மணி வாக்கில் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டது. சென்னை மழை அப்படித்தான்; ஒரு பேட்டையில் கொட்டும்போது அடுத்த பேட்டையில் தார் ரோடு காய்ந்து கிடக்கும். எங்கள் மழைமானி நாலு கிலோமீட்டர் மேற்கே ஒரு மொட்டை மாடியில் இருந்தது. அது காட்டியது ஒன்றரை மில்லிமீட்டர். என் ஏழு வரிகள் தங்கள் வேலையைச் செய்தன.

பதினாலு அனுப்பிய எண்கள் இவை. 9.15க்கு 82. 9.30க்கு 87. 9.45க்கு 93. பத்து மணிக்குத் தண்ணீர் குருட்டு எல்லைக்குள் போய்விட்டது, அதன் பிறகு வந்ததெல்லாம் உளறல். பத்தரைக்குள் தண்ணீர் வடிகட்டித் தொட்டிகள் வழியே மேலே வந்து தெருவை மூடியது.

9.15க்கு அலாரம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? டிராக்டரில் பூட்டிய பம்ப் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றது. வந்து சேர நாற்பது நிமிடம். வடிகாலை நம்பாமல் தெருத் தண்ணீரை நேரே கால்வாய்க்கு இறைத்திருக்கலாம். முழுக்கத் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டடி ஓரடி ஆகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், தரைத்தள வீடுகளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும். பாயைச் சுருட்ட, ஃபிரிட்ஜை ஸ்டூல் மேல் ஏற்ற, பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்ய ஒரு மணி நேரம் போதும். அவர்களுக்கு முதுகு நனைந்த பிறகுதான் தெரிந்தது. தெருக்கோடியில் இஸ்திரி வண்டிக்காரர் மறுநாள் கொடுக்க வேண்டிய துணி மூட்டைகளைத் தரையில் வைத்திருந்தார். அத்தனையும் ஊர்த் துணி. கல்யாண வீட்டுப் பட்டுப்புடவை ஒன்றும் அதில் இருந்தது. சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறிய பட்டுக்கு அவர் எத்தனை மாதம் கடன் அடைத்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பிறகு போய்க் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் கேட்டேன். உயிர் எதுவும் போகவில்லை. தண்ணீர் பில்லர் பாக்ஸைத் தொடுவதற்கு முன் ஒரு கல்லூரிப் பையன் மின்வாரியத்துக்குப் போன் போட்டு அந்தத் தெருவின் இணைப்பைத் துண்டிக்க வைத்தான். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

நான் அன்று இரவு படுக்கப் போகும் முன் டேஷ்போர்டைப் பார்த்தேன். இருபத்து நாலு புள்ளியும் பச்சை. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. எழுந்து எண்களைப் பார்த்தபோது கை நடுங்கியது. இங்கேதான் தவறு குற்றமாக மாறியது. 1.40க்கு அந்த ஏழு வரிகளையும் நீக்கினேன். மாற்றத்துக்குக் காரணம் எழுதச் சொல்லும் கட்டத்தில் 'சிறு திருத்தம்' என்று போட்டேன். நீக்கிய வரி சிவப்பில், தேதி, நேரம், என் பெயர் எல்லாவற்றோடும் அந்தப் பதிவேட்டில் இன்றும் இருக்கும். யாரும் திறந்து பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்துக் கூட்டம். நான்தான் விளக்க வேண்டும். ஒரு வரைபடம் காட்டினேன். அதன் இடது ஓரம் இரவு பத்து மணியில் தொடங்கியது. அதற்கு முந்தைய முக்கால் மணி நேரத்தை வெட்டிவிட்டேன். "தண்ணீர் குருட்டு எல்லைக்குள் போனதால் சென்சாரின் அளவீட்டை நம்ப முடியவில்லை, இது இந்த வகைக் கருவியின் குறைபாடு" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இரண்டாவது ஸ்லைடில், வடிகாலின் அடியில் 30 சென்டிமீட்டர் வண்டல் கிடந்த புகைப்படம். அதுவும் பொய்யில்லை, கடல் ஏற்றம் தண்ணீரைத் தேக்கினால் ஓட்டம் நின்று வண்டல் அடியில் படியும், முதல் நாள் அள்ளினாலும் படியும். அந்த விளக்கத்தை நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தவர்கள் அவரவர் முடிவுக்கு வரட்டும் என்று ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். வந்தார்கள்.

பதினாலைக் கழற்றிவிட்டு அதே ரகத்தில் புதிது ஒன்றைப் பொருத்தினார்கள். வண்டல் அள்ளிய குழுவை அந்த வேலையிலிருந்து நீக்கினார்கள். மேஸ்திரி போன செய்தி எனக்கு ஒரு வாரம் கழித்து, வேறு ஏதோ பேச்சினிடையே காதில் விழுந்தது. "அப்படியா" என்றேன்.

பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். குற்ற உணர்ச்சியில் வாசிப்பவனுக்கு ஒவ்வொரு பக்கமும் தன்னைப் பற்றியே எழுதியதாகத் தோன்றும். நியூயார்க்கில் ஃபிளட்நெட் என்ற பெயரில் இதே மீயொலி சென்சார்களை 2020 முதல் வைத்துவருகிறார்கள். வடிகாலுக்குள் இல்லை, தெருப் பலகைக் கம்பங்களில், சூரிய மின்தகட்டோடு, சாலையைப் பார்த்தபடி. காய்ந்த சாலைதான் பூஜ்யம். அங்கே 2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் மிச்சம் ஒரே மணி நேரத்தில் எட்டு சென்டிமீட்டர் மழையைக் கொட்டி, நிலவறை வீடுகளில் மட்டும் பதினொரு பேரைக் கொன்ற பிறகு அந்த வேலை வேகம் பிடித்தது. அவர்களின் ஜமைக்கா விரிகுடா ஓரத் தெருக்களில் மழையே இல்லாத நாளில் கடல் ஏறி வரும். சென்சார்கள் அதை அளக்கின்றன. அதை அவர்கள் வெள்ளம் என்றே பதிவு செய்கிறார்கள். அந்த அளவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருநூறுக்கும் மேற்பட்ட நீர்மட்டச் சென்சார்கள் வடிகால்களிலும் கால்வாய்களிலும் இருக்கின்றன. மட்டம் ஏறினால் பதிவு செய்துகொண்ட பொதுமக்களுக்கே செய்தி போகிறது. எங்கள் திட்டத்தில் பதினாலின் அசல் எண்களைப் பார்க்க முடிந்த ஒரே ஆள் நான். அந்தத் தெருவில் ஒரே ஒருவருக்கு அது தெரிந்திருந்தால் என் ஏழு வரி ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது.

அவ்வளவு தூரம் போவானேன். இந்திய நில அளவைத் துறை கடல் ஏற்ற அட்டவணையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சென்னைத் துறைமுகத்துக்கு எந்த நாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. 2015-க்குப் பிறகு சென்னைக்கென்றே உருவாக்கிய கடலோர வெள்ள எச்சரிக்கை அமைப்பு, மழையோடு கடல் ஏற்றத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறது. என் வீட்டுச் சுவரில் கறுப்பு வட்டம் இருந்தது. வடிகாலுக்குள் நின்ற ஒருவர் வாயைத் திறந்து தமிழில் சொன்னார். தகவல் கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள ஒரு இடுக்கும் இல்லை.

சென்சார் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொண்டால் அது என் தலைவிதி. அந்தக் கருவி அன்று ஒரு தப்பும் செய்யவில்லை. கரப்பான்பூச்சிக்கும் ஆவிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு, சரியான எண்ணைச் சரியான நேரத்தில் அனுப்பியது. அதற்கும் தெருவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஆள் தீபாவளியன்று போன் வரக்கூடாது என்று நினைத்தான்.

இரண்டு வருடம் கழித்து அந்த வேலையை விட்டேன். போகும்போதும் சொல்லவில்லை. இந்த வருடம் தை மாதத்தில்தான் முழு வரைபடத்தையும், 9.15 முதல், நண்டின் படத்தையும் சேர்த்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். வண்டல் அள்ளியவர்களின் மேல் தவறில்லை என்று தனியாக ஒரு பத்தி எழுதினேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி பதில் வந்தது.

மேஸ்திரியைத் தேடிப் பிடிக்கப் பதினோரு நாள் ஆனது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலாளியாக இருக்கிறார். கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை உடனே அடையாளம் தெரிந்தது, எழுந்து நின்றார். நிற்க வேண்டாம் என்று சொல்லி நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வரி, 1.40, வெட்டிய வரைபடம், வண்டல் படம். அவர் குறுக்கே பேசவில்லை. நடுவில் ஒரு கார் வந்தது; போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, மூடிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அந்த மிஷினு இன்னும் இருக்குதா சார்?"

"இருக்குண்ணே. புதுசு மாத்திட்டாங்க."

"மூஞ்சிய தொடைக்கிறாங்களா?"

மறுநாள் போய் ஸ்லாபைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். வலை கட்டியிருந்தது.